மூச்சு விடும் கட்டில்

அத்தியாயம் 7

இரஞ்சிதத்தின் வலது தோள் காலையிலிருந்தே இழுத்துக்கொண்டிருந்தது. பதினொரு வருடம் கிரான்பர்ன் முதியோர் இல்லத்தில் எழும்ப முடியாத உடம்புகளைப் புரட்டிப் போட்ட தோள் அது. அதற்கு முன் ஆறு வருடம் கோழித் தொழிற்சாலை. துப்பறியும் லைசென்ஸ் எடுத்து நாலு வருடமாகிவிட்டது என்ற செய்தி தோளுக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. இரண்டு மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கிவிட்டு, சிறிதரனின் குசினியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை. நேரம் பன்னிரண்டு நாற்பது. மூன்று மணிக்கு இன்னும் இரண்டு மணி இருபது நிமிடம்.

வெளியே, மெல்பர்னின் ஓரத்துக் குடியிருப்பான ட்ருகனினா முழுவதும் வெயில். உள்ளே எல்லாத் திரைச்சீலையும் இழுத்து மூடப்பட்டு, சன்னல் ஓரங்களில் பாக்கிங் டேப் ஒட்டப்பட்டிருந்தது. சிறிதரனுக்கு வயது ஐம்பத்துமூன்று. ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் மேலாளர். கோவில் நிர்வாக சபையின் செயலாளர். அப்படிப்பட்ட மனிதர் மகளின் கிரிக்கெட் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் தாடியோடு, ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடத் தொடங்கினாலே திடுக்கிட்டுக்கொண்டிருந்தார். மனைவியையும் மகளையும் சிட்னிக்கு, நார்த்மீட்டில் உள்ள மச்சாள் வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. பொலிசுக்குப் போவோம் என்று இரஞ்சிதம் இரண்டு முறை சொன்னாள். இரண்டு முறையும் அவர் வேண்டாம் என்றார். அந்த வேண்டாமை அவள் மனதில் ஒரு மூலையில் வைத்துக்கொண்டாள்.

அவரைப் பயமுறுத்தியது ஒரு விளையாட்டு. இன்று பிள்ளைகள் திரையில் படமாகப் பார்த்துச் சுடுகிற விளையாட்டு இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகக் கணினிகளில் ஓடியது. பெயர் 'ஏழு கோபுரம்'. இரஞ்சிதத்துக்கு அது விளங்கவில்லை. விளக்கியது நரசிம்மன்.

நரசிம்மன் அவளுடைய உதவியாளர். தஞ்சாவூர்க்காரர், அறுபது வயது, கணினி வேலையிலிருந்து அனுப்பப்பட்டவர். வேலை போன அன்று கொடுத்த கேக்கின் ருசியை இன்னும் திட்டுகிறவர். அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் இருந்தபோது அவரும் இப்படிப்பட்ட ஆட்டங்களில் விழுந்து கிடந்தவர்.

"படமே கிடையாது மேடம். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. 'நீ ஒரு குகையில் நிற்கிறாய், வடக்கே வழி இருக்கு'ன்னு வரும். நாம 'வடக்கு'ன்னு அடிச்சா அடுத்த அறை. அதே நேரத்துல உலகம் பூரா அம்பது பேர் அதே குகையில நிப்பான். ஒருத்தன் நார்வே, ஒருத்தன் மெல்பர்ன். எல்லாரும் சேர்ந்து ஒரு பூதத்தைக் கொல்லுவோம். பூதமும் எழுத்துதான், நாங்களும் எழுத்துதான். பசி மட்டும் நிஜம்."

நன்றாக ஆடியவனுக்கு மந்திரவாதிப் பட்டம் கிடைக்கும், அவன் புதிதாக அறைகளை எழுதி அந்த உலகத்தில் சேர்க்கலாம் என்றார் நரசிம்மன். வெளிநாட்டுக் கணினிகளை இணைக்கிற கம்பி அப்போது விலை அதிகம். பல்கலைக்கழகங்கள் விளையாட்டைத் தடை செய்தன. பையன்கள் ஒளித்து ஆடினார்கள். பிறகு ஒரு நாள் யாரோ அந்தக் கணினியை அணைத்தார்கள். அந்த உலகம் செத்தது.

இந்த வருடம் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் ஒரு பழைய கணினிப் பதிவு நாடாவிலிருந்து ஏழு கோபுரத்தை மீட்டு, திரும்ப ஓடவிட்டிருந்தார்கள். சிறிதரன் ஆசையோடு தன் பழைய பெயரில் உள்ளே போனார். ஒரு வாரம் கழித்து அவருக்கு மட்டும் தெரிகிற புதிய அறைகள் முளைத்தன. எழுதியவன் பெயர் 'வேம்பு'. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். நரசிம்மன் அதைத் தமிழில் எழுதி மேசையில் வரிசையாக வைத்திருந்தார்.

'நீ ஒரு தெருவில் நிற்கிறாய். கிழக்கே வட்டச்சந்தி. தெற்கே ஒரு வீடு. வாசலில் படி இல்லை. சரிவில் ஏறு.'

'நீண்ட நடை. கூரையில் நாலு விளக்கு. துணி அலுமாரியைத் திற. உள்ளே சாமி.'

'மேற்கே போ. குசினி. சிங்குக்கு மேலே அகலச் சன்னல்.'

'தெற்கே போ. படுக்கையறை. இந்தக் கட்டில் மூச்சு விடுகிறது. மேலே ஒன்று தொங்குகிறது. கையை நீட்டினால் எட்டும்.'

நேற்று வந்தது ஒரே வரி: 'வெள்ளி மூன்று மணிக்குப் பிறகு இந்த வீட்டில் ஆள் இருக்காது.'

சிறிதரனின் வீட்டில் நீண்ட நடை இருந்தது. கூரையில் நாலு விளக்கு இருந்தது. துவாய் வைக்கிற அலுமாரியைத் தட்டுப் போட்டு அவர் மனைவி சாமி அறையாக்கியிருந்தார். அதை வீட்டுக்குள் வராத ஒருவனுக்குத் தெரிய வழியில்லை. இரஞ்சிதம் காலையில் வீடு முழுக்கத் தேடினாள். கமெரா இல்லை, பூட்டு உடைந்த அடையாளம் இல்லை. தினமும் ஒரு அறை நெருங்கி வந்தவன், இப்போது கட்டிலடியில் நிற்கிறான்.

அவள் எழும்பினாள். தாளை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். பயம் வந்தால் காலால் யோசிக்க வேண்டும் என்பது தொழிற்சாலையில் படித்தது. கைபேசியில் திசை பார்த்து, தாளில் எழுதியபடியே நடந்தாள். வாசலிலிருந்து தெற்கே நடை. நாலு விளக்கு. அலுமாரி. பிறகு மேற்கே திரும்பி ஒரு எட்டு வைத்தாள்.

சுவர்.

"முட்டிக்காதீங்க மேடம், வாரண்டி முடிஞ்ச தோள்" என்றார் நரசிம்மன் பின்னாலிருந்து.

குசினி கிழக்கே இருந்தது. மேற்கே கராஜ். எழுதியவன் பிழையாக எழுதியிருப்பான் என்று சிறிதரன் சொன்னார். நரசிம்மன் இல்லை என்று தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்தில் திசைதான் உயிர், ஒரு திசை பிசகினால் பள்ளத்தில் விழுந்து ஆறு மாத உழைப்பு போகும். "அந்தக் காலத்து ஆட்டக்காரன் பொண்டாட்டி பிறந்தநாளை மறப்பான். மேற்கை மறக்கமாட்டான்."

இரஞ்சிதம் சுவரில் கை வைத்தபடி நின்றாள். பிறகு, இந்த வீட்டைக் கட்டும்போது ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டாள்.

சிறிதரன் யோசித்தார். மனைவி வாஸ்து பார்ப்பவர். அடுப்பு தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்று நின்றார். கட்டுகிற நிறுவனத்தின் மாதிரி வீட்டில் குசினி மேற்குப் பக்கம். அவர்களுக்கு அது பெரிய காரியமில்லை, வரைபடத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பிக் கட்டிக் கொடுத்தார்கள்.

"அப்ப இவன் எழுதினது உங்கட வீட்டை இல்லை, தம்பி" என்றாள் இரஞ்சிதம். "திருப்பாத வீட்டை."

இந்தக் குடியிருப்பில் அதே வரைபடத்தில் நூறு வீடு இருக்கும். துணி அலுமாரியில் சாமி வைக்காத சைவ வீடு ஒன்றுகூட இருக்காது. நடையும் விளக்கும் அலுமாரியும் பொருந்தியதில் அதிசயமே இல்லை. அவள் முதல் தாளை எடுத்தாள். 'வாசலில் படி இல்லை.' சிறிதரன் வீட்டு வாசலில் ஒரு படி இருந்தது. ஒரு வாரமாக அந்தப் படியைத் தாண்டித்தான் அவர் போய் வந்தார், பயத்தில் கண்ணுக்குத் தெரியவில்லை.

"சரிவுன்னா?" என்றார் நரசிம்மன்.

"சக்கர நாற்காலி ஏறுற சரிவு."

சொன்ன பிறகுதான் கடைசி அறையை அவள் திரும்ப வாசித்தாள். மூச்சு விடுகிற கட்டில். கை எட்டும் உயரத்தில் தொங்குகிற ஒன்று. வந்த நாளிலிருந்து அது சிறிதரனுக்குத் தூக்குக் கயிறு. இரஞ்சிதத்துக்கும் சற்று முன்வரை அப்படித்தான் இருந்தது. இப்போது விளங்கியது. முதியோர் இல்லத்தில் அவள் அப்படிப்பட்ட கட்டில்களில் வேலை செய்திருக்கிறாள். புண் வராமலிருக்கப் போடுகிற காற்று மெத்தை. காலடியில் ஒரு பம்பு, நாள் முழுக்க ஊதும், இறக்கும், ஊதும். மேலே தொங்குவது பிடித்து எழும்புகிற கைபிடி.

"இவன் உங்களுக்குக் கிட்ட வரேல்ல. தன்ர வீட்டுக்கு வழி எழுதியிருக்கிறான். தெருவில இருந்து கட்டில் வரை."

சிறிதரனின் முகத்தில் நிம்மதி வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வரவில்லை. முகம் இன்னும் வெளிறியது. மட்டையை இறுக்கிப் பிடித்தார்.

வேம்பு யார் என்று கேட்டாள். முன்பு சொன்னதையே அவர் திரும்பச் சொன்னார். விக்னராஜா. ஒன்றாய் வந்த மாணவன், ஃபுட்ஸ்கிரேயில் ஒரே அறையில் இருந்தவன். தொண்ணூற்றைந்தில் போருக்கு நடுவே ஊருக்குத் திரும்பிப் போனான், அங்கே ஒரு ராணுவச் சோதனைச்சாவடியில் காணாமல் போனான். செத்துவிட்டான். வருடா வருடம் அவன் பெயரில் கோவிலில் அன்னதானம் கொடுக்கிறேன். செத்தவன் பெயரில் வேறு எவனோ விளையாடுகிறான் என்றார்.

"வேற எவனும் எப்படி வருவான் சார்?" என்றார் நரசிம்மன். "நாடாவுல பழைய பாஸ்வேர்டும் அப்படியேதான் இருக்கு. அது தெரியணுமே."

"அதுதான் எனக்கும் விளங்கேல்ல. அது எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்."

குசினியில் ஃபிரிட்ஜ் மோட்டார் நின்றது. அந்த அமைதியில் இரஞ்சிதம் மெதுவாகக் கேட்டாள்.

"அவரின்ர பாஸ்வேர்ட் உங்களுக்கு எப்படித் தெரியும், தம்பி?"

மூன்று மணிக்கு முன் அந்த வீட்டைத் தேடிப் பிடிக்க, சிறிதரனையும் காரில் ஏற்றினாள். மணி ஒன்று ஐம்பது.

காரில் போகும்போதுதான் சொன்னார். இரஞ்சிதம் ஓட்ட, பின் சீட்டில் குனிந்து உட்கார்ந்துகொண்டு, முழங்காலைப் பார்த்துச் சொன்னார். ஒவ்வொரு மாணவனுக்கும் கணினியில் இத்தனை மணித்தியாலம் என்று கணக்கு இருந்தது. அவருடையது விளையாட்டில் தீர்ந்துவிட்டது. விக்னராஜா பகலில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலை. அவன் கணக்கு சும்மா கிடந்தது. ஞாயிறுகளில் மட்டும் வேம்பாக வந்து ஆடுவான், அதிலேயே மந்திரவாதிப் பட்டமும் வாங்கினான். பாஸ்வேர்டை அவனே நம்பிக் கொடுத்தான், எல்லாவற்றுக்கும் அவனிடம் அதே ஒன்றுதான். சிறிதரன் அந்தக் கணக்கில் ஒரே கல்வித் தவணைக்குள் நானூறு மணித்தியாலம் விளையாடினார். பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது. கணக்கு விக்னராஜாவின் பெயரில். விக்னராஜாவை நீக்கினார்கள். படிப்பு போனால் விசா போகும். போனது.

அந்த நேரங்களில் தான் எங்கே இருந்தான் என்று அவன் சொல்லியிருக்கலாமே என்றார் நரசிம்மன்.

இரஞ்சிதமே பதில் சொன்னாள். மாணவ விசாவில் வாரத்துக்கு இருபது மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். பெட்டி அடுக்கினேன் என்று சொன்னால் அதற்கும் விசா போகும். அவனைக் காப்பாற்றக்கூடியது ஒரே ஒரு ஆளின் வாய்.

நரசிம்மன் சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அந்தக் குடியிருப்பின் வட்டச்சந்திக்கு மேற்கே, தெற்குப் பக்கம் வரிசையாக வடக்கு பார்த்த வீடுகள். முதல் தெருவில் இல்லை. இரண்டாம் தெருவில் இல்லை. மூன்றாம் தெருவில், மாவிலை காய்ந்து தொங்குகிற ஒரு வாசலுக்குச் சிமெந்துச் சரிவும் இரும்புக் கைபிடியும் இருந்தன. சிறிதரன் வீட்டிலிருந்து நடந்தால் ஏழு நிமிடம்.

மணி இரண்டு பதினைந்து. சிறிதரன் இறங்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அவன் கையில் ஏதாவது இருக்கலாம் என்றார்.

கதவைத் திறந்தது ஒல்லியான ஒரு பெண். பெயர் நாகேஸ்வரி, செத்ததாகச் சொல்லப்பட்ட விக்னராஜாவின் மனைவி. இரஞ்சிதம் தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் அவளைத் தாண்டித் தெருவில் நின்ற காரைப் பார்த்தாள். பிறகு விலகி வழி விட்டாள். "வாங்கோ. பிந்திட்டியள்."

அந்த நடையில் காலை வைத்ததும் இரஞ்சிதத்துக்கு மயிர் கூச்செறிந்தது. அதே நடை. அதே நாலு விளக்கு. ஆனால் எல்லாம் மாறி இருந்தது. கண்ணாடிக்குள் இறங்கிவிட்டதுபோல. அலுமாரி இடம் மாறி, கதவு இடம் மாறி, கை நீட்டிய பக்கம் சுவிட்ச் இல்லாமல். தெற்கே ஒரு கதவு பாதி திறந்திருந்தது. அங்கிருந்து மூச்சு கேட்டது. நீளமாக உள்ளே போய், நின்று, நீளமாக வெளியே வந்தது. பம்பு என்று தெரியும். தெரிந்தும் கால் நகரவில்லை. நரசிம்மன் அவள் தோளைத் தொட்டார், வலிக்காத தோளை.

கட்டிலில் விக்னராஜா எலும்பாக இருந்தார். முள்ளந்தண்டில் புற்றுநோய். மடியில் ஒரு சின்னக் கணினி, கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வருகிறது என்றார். கடைசி நாட்களுக்கான விடுதி. நாகேஸ்வரி கூடவே போகிறாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஆள் இருக்காது.

மிச்சத்தை அவர் துண்டு துண்டாகச் சொன்னார். சோதனைச்சாவடியில் பிடித்தார்கள், இரண்டு வருடம் வைத்திருந்தார்கள், செத்துவிட்டான் என்று கதை பரவியது, அவரும் அதைத் திருத்தவில்லை. இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அகதியாகப் படகில் இங்கே திரும்பி வந்தார். பிறகு இறைச்சித் தொழிற்சாலை, கிடங்கு, நோய். ஆறு மாதத்துக்கு முன் தமிழ்க் கடையில் சிறிதரனைக் கண்டார். சக்கர நாற்காலியில் இருந்த ஆளின் தலைக்கு மேலாகப் பார்த்துவிட்டுச் சிறிதரன் மரக்கறி எடுத்தார். ஒரு நாள் நாகேஸ்வரி அவரைச் சிறிதரனின் வீடுவரை தள்ளிக்கொண்டு போனாள். வாசலில் படி இருந்தது. திரும்பிவிட்டார்கள்.

"நேர எழுதியிருக்கலாமே, அண்ணை?" என்றாள் இரஞ்சிதம். "அந்தாள் பயத்தில சாகுது."

விக்னராஜா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, முடிய நேரம் எடுத்தது.

"கொஞ்சம் பயப்படட்டும் எண்டுதான் எழுதினனான். பொய் சொல்லேல்ல. நான் ரெண்டு வருசம் பயந்தனான், அவன் ஒரு கிழமை." பிறகு குரல் இறங்கியது. "என்ர அப்பா என்னை விளையாடிக் கெட்டவன் எண்டு நம்பித்தான் செத்தவர். இவளின்ர ஆக்களும் அப்பிடித்தான் சொல்லுறவை. இவள் என்னை நம்புறாள் எண்டு சொல்லுறாள். நம்பாட்டியும் அப்பிடித்தான் சொல்லுவாள். அவன் வந்து இவளுக்கு முன்னால ஒருக்காச் சொல்லட்டும். வேற ஒண்டும் வேண்டாம்."

நாகேஸ்வரி பையில் துவாய்களை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. கை மட்டும் நின்றது.

இரஞ்சிதம் வெளியே வந்தாள். இரண்டு முப்பத்தைந்து. அவள் சாவியை உள்ளேயே விட்டிருந்த காரின் கதவுகள் உள்ளிருந்து பூட்டியிருந்தன. கண்ணாடியில் தட்டி, ஆயுதம் இல்லை, ஆள் எழும்பவே முடியாது, ஒரு வசனம் கேட்கிறார் என்று சொன்னாள். எந்த வசனம் என்பதையும் சொன்னாள். சிறிதரன் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினார்.

"அவன்ர மனிசிக்கு முன்னாலயோ?"

"ஓம்."

"அவ வெளியில சொல்லுவா, அக்கா. கோவில், வேலை, பிள்ளை எல்லாம் இருக்கு." காலையில் கொலைகாரனுக்குக்கூட அவர் இவ்வளவு பயந்திருக்கவில்லை.

இரஞ்சிதம் குரலை உயர்த்தாமல் பேசிப் பார்த்தாள். வைது பார்த்தாள். அவள் ஓய்ந்ததும் நரசிம்மன் குனிந்து, தன் வாழ்க்கையில் கேட்ட ஆட்டங்களிலேயே சுலபமானது இது, பன்னிரண்டு அடி நடந்து ஒரு வரி சொன்னால் போதும் என்றார். கண்ணாடி மேலே ஏறியது.

வண்டி பத்து நிமிடம் முந்தி வந்தது. சீருடை போட்ட இரண்டு பேர் உள்ளே போனார்கள். சரிவில் ஸ்ட்ரெச்சர் இறங்கியபோது விக்னராஜா தலையைத் திருப்பிக் காரைப் பார்த்தார். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். அவர்கள் நிறுத்தினார்கள். நாகேஸ்வரி பையோடு பக்கத்தில் நின்றாள். அவளும் காரைத்தான் பார்த்தாள். அரை நிமிடம். ஒரு நிமிடம். இரஞ்சிதம் கதவுக் கைபிடியை இழுத்தாள், உடைந்தாலும் பரவாயில்லை என்று இழுத்தாள். திறக்கவில்லை.

விக்னராஜா கையை இறக்கினார். வண்டியின் பின்கதவு மூடியது.

வண்டி தெரு முனையில் திரும்பி மறைந்த பிறகு காரின் பூட்டு டக்கென்று விடுபட்டது. சிறிதரன் பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் இடையில், தரையோடு தரையாக, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு கிடந்தார்.

"போயிட்டானா?" என்றார்.

இரஞ்சிதம் கதவைத் திறந்து சாவியை எடுத்தாள். 'அந்த நானூறு மணித்தியாலமும் விளையாடினது நான்.' சிறிதரன் விக்னராஜாவுக்குத் தர வேண்டியிருந்தது இந்த ஒரு வசனம். முப்பது வருடக் கடன். அன்றும் அவர் அதைத் தரவில்லை.